மூலநிரல் திறந்திருந்தால் நமக்கு என்ன? பாம்பன் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்தில் சிறியதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்கள், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்துவிட்டதா என்று பார்ப்பவர்கள், பிள்ளைகளின் பழுதான மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் எனப் பலரும் காத்திருக்கும் நேரத்தில் கேள்வி கேட்கிறார்கள். என் மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதைப் பார்த்ததும் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இயங்குதளம் என்றால் என்ன? அதை ஏன் நாங்கள் கவனிக்க வேண்டும்?

கணினியின் உடம்புக்கும் நீங்கள் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்தான் இயங்குதளம். எந்தச் செயலிக்குக் கேமராவைக் கொடுப்பது, எதை வட்டில் எழுதுவது, எதை இணையத்தில் அனுப்புவது என்பதெல்லாம் அதன் கையில் இருக்கிறது. ஒரு செயலி தவறு செய்தால் இயங்குதளம் தடுக்கலாம். இயங்குதளமே தவறு செய்தால் அதற்கு மேல் ஓடும் எதனாலும் தடுக்க முடியாது. உங்கள் கைபேசி, வங்கியின் பணம் எடுக்கும் எந்திரம், ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி, இ-சேவை மையத்தின் கணினி என எல்லாவற்றுக்குள்ளும் ஏதோ ஓர் இயங்குதளம் உண்டு.

திறந்த மூலம், மூடிய மூலம் என்கிறார்களே, வேறுபாடு என்ன?

நிரலர்கள் மனிதர் படிக்கும் மொழியில் எழுதுவது மூலநிரல். அதை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிய வடிவம்தான் நம் கணினியில் ஓடுகிறது. விண்டோஸில் நமக்குக் கிடைப்பது மாற்றிய வடிவம் மட்டும். ஐபோனில் உள்ள ஐஓஎஸ்ஸின் பெரும்பகுதியும் அப்படித்தான். லினக்ஸில் இரண்டும் கிடைக்கும்.

நம் கரையில் மரத்தில் செய்த வல்லத்தை எண்ணிப் பாருங்கள். எந்தப் பலகை எங்கே சேர்கிறது, எந்த இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டிய ஓடாவி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் இன்னொரு ஓடாவி வந்து பார்த்துச் சரிசெய்வார். மூடிய மூலம் என்பது அடித்தளம் முழுவதையும் மூடி முத்திரை வைத்துக் கொடுத்த படகு. உள்ளே தண்ணீர் ஏறினாலும் கட்டியவர் வந்தால்தான் திறக்க முடியும்.

இது தானாக வந்த வழக்கம் அல்ல. மென்பொருளை ஓட்டவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்று 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதை க்னூவின் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமத்தின்படி, மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ‘இலவசம்’ என்பதை மட்டும் பார்த்து லினக்ஸை மதிப்பிடுபவர்கள் இந்த உரிமையைத் தவறவிடுகிறார்கள்.

எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. அது திறந்திருந்தால் எனக்கு என்ன பயன்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் ஓர் அக்கா, மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தபோது இதைக் கேட்டார். நான் அவரிடம் ஊர்ச் சங்கத்தின் கணக்கைப் பற்றிப் பேசினேன். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. கேட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த நோட்டைத் தாங்களே படித்துச் சரிபார்க்க முடியாது. ஆனாலும் நோட்டு மேசை மேல் இருக்கிறது. கணக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், பொருளாளருக்குப் பிடிக்காத ஒருவர், வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் என யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம். புரட்டக்கூடும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். எழுதும் கையை அந்த அறிவே கட்டுப்படுத்துகிறது. நோட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘என்னை நம்புங்கள்’ என்று பொருளாளர் சொன்னால் ஊர் ஏற்குமா?

மூலநிரலும் அப்படித்தான். நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் வேண்டப்படாதவர்கள், போட்டி நிறுவனங்கள், வேறு வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லோரும் அதே நோட்டைப் படிக்க முடிகிறது என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது அல்ல. வேண்டும்போது திறந்து பார்க்கலாம் என்ற உறுதி இருந்தால்தான் கண்ணை மூட முடியும்.

அந்த அக்கா உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார்: “யாருமே புரட்டிப் பார்க்காவிட்டால்?” அதற்குக் கீழே வருகிறேன்.

எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?

பார்ப்பான். ஆனால் மறைத்து வைத்தாலும் அவன் கண்டுபிடித்துவிடுகிறான் என்பதுதான் அனுபவம். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்கக் கூடாது, அதுவே நல்ல பூட்டு என்பதை 1883இலேயே ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் இராணுவ மறையெழுத்தைப் பற்றி எழுதும்போது வரையறுத்துவிட்டார்.

2017ஐ நினைத்துப் பாருங்கள். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, உலகுக்குச் சொல்லாமல் அதைத் தாக்கும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தது. அந்தக் கருவி ஏப்ரலில் பொதுவெளியில் கசிந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது, ஆனால் பலர் போடவில்லை. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. மூலநிரல் மூடியிருந்தும் அந்த ஓட்டை உளவு அமைப்புக்கும் மறையவில்லை, திருடர்களுக்கும் மறையவில்லை. கணினியின் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் மறைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்படியானால் திறந்த மூலத்தில் ஓட்டையே கிடையாதா?

உண்டு. பெரிய ஓட்டைகள் உண்டு. இதை மறைத்துப் பேசுபவர் திறந்த மூலத்துக்கு நல்லது செய்வதில்லை.

உலகின் பெரும்பாலான வலைச் சேவைகள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் 2012இல் ஒரு பிழை நுழைந்தது. ‘ஹார்ட்ப்ளீட்’ என்ற பெயரில் அது வெளியே தெரிந்தது 2014இல். இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் பாஷ் என்ற கருவியில் அதே ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைக்கு வயது ஏறத்தாழ 25. அந்த அக்காவின் கேள்விக்கு இவைதான் பதில்: நோட்டு மேசை மேல் இருந்தது, யாரும் புரட்டவில்லை.

இன்னும் அச்சமூட்டியது 2024இல் நடந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல ஆண்டுகளாக அதை ஊதியம் இல்லாமல் ஒரே ஒருவர் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். யார் என்று இன்றுவரை உலகுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்தார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், பொறுப்பையும் பெற்றார். பிறகு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஒரு கொல்லைப்புற வாசலை 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்தார். அதைத் தூண்டிவிடும் பகுதி, எல்லோரும் படிக்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. விநியோகத்துக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த தரவுத்தளத்தின் நிரலர். தொலைவிலிருந்து உள்நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொல்லிவிட்டார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே வாசல் அடைக்கப்பட்டது. என்ஜின் சத்தம் துளி மாறினாலும் தூக்கத்தில் எழுந்துவிடும் மூத்த படகோட்டிகளை எனக்குத் தெரியும். ஃப்ராயிண்டின் காது அப்படிப்பட்டது.

இதில் இரண்டு பாடமும் சேர்ந்தே இருக்கின்றன. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவர், யாரிடமும் அனுமதி கேட்காமல், இறுதிவரை தோண்ட முடிந்தது. ஆனால் உலகமே நம்பியிருந்த ஒரு கருவியைச் சோர்ந்துபோன ஒற்றை மனிதரின் தோளில் விட்டதும் நாம்தான். திறந்து வைத்தால் மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அந்த மென்பொருளால் கோடிகளைச் சேமிக்கும் அரசுகளும் நிறுவனங்களும் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

மூடிய மூல நிறுவனங்களை நம்பவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்றே முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். பழுதானால் ஒப்பந்தப்படி பதில் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2003 முதல் அரசுகளுக்கு மூலநிரலைக் காட்டும் ஒரு திட்டத்தையும் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே பார்ப்பது அரசு மட்டும். பார்த்ததை மக்களிடம் விளக்க அதற்கு வழியில்லை. காட்டிய நிரலிலிருந்துதான் நம் கணினியில் ஓடுவது கட்டப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. யார் கட்டினாலும் ஒரே நிரலிலிருந்து துளியும் மாறாத ஒரே பொதி வருகிறதா என்று சோதிக்கும் வேலையை டெபியன் லினக்ஸ் திட்டத்தினர் 2013 முதல் செய்துவருகிறார்கள். எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு அந்த வேலையின் அருமை எனக்கு இன்னும் புரிந்தது.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸின் பிழை அல்ல, லினக்ஸிலும் நடக்கக்கூடியதுதான். ஒரே விற்பனையாளரை எல்லோரும் சார்ந்திருப்பதன் ஆபத்தை அது காட்டியது.

என் கைபேசியில் ஆண்ட்ராய்டு இருக்கிறது. அது திறந்ததா, மூடியதா?

இரண்டும் கலந்தது. அடியில் லினக்ஸ் கர்னல். ஆண்ட்ராய்டின் அடிப்படையும் திறந்த மூலம்தான். அதற்கு மேல் கூகுளின் ப்ளே சேவைகளும், கைபேசி நிறுவனம் சேர்க்கும் பல பகுதிகளும் மூடியவை. ‘ஆண்ட்ராய்டு லினக்ஸ்தானே, பிறகென்ன’ என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

கலாம் ஐயா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார். ராமேசுவரத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். குடியரசுத் தலைவராக இருந்த அவர், 2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேசினார். பில் கேட்ஸைச் சந்தித்தபோது மென்பொருள் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்ததையும், நம் தேவைக்கான பாதுகாப்பு முறைகளை நாமே சேர்த்துக்கொள்ளத் திறந்த மூலம் வேண்டும் என்று தாம் சொன்னதையும், இருவர் கருத்தும் ஒத்துப்போகாததால் உரையாடல் கடினமானதையும் அங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஏவுகணை செய்தவர் அவர். உள்ளே திறந்து பார்க்க முடியாத பொருளை நாட்டின் பாதுகாப்பில் வைப்பது எத்தகைய இடர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளியில் கொடுத்த மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸ் என்ன ஆனது?

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், என் மேசைக்கு வந்த பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதை அழித்துவிடச் சொல்லித்தான் பெரும்பாலான மாணவர்கள் வந்தார்கள். “இடத்தை அடைக்கிறது” என்பதே காரணம். நானும் கேட்டதைச் செய்து கொடுத்தேன். அந்த நாட்களில் ஒருவரையாவது உட்காரவைத்து அரை மணி நேரம் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கருவியை மட்டும் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் விட்டதுதான் தவறு. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன, ஏனென்றால் அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

கடையில் இருநூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருகிறார்களே?

அது உரிமம் உடைக்கப்பட்ட நகல். உடைத்தவர் யார், உள்ளே எதைச் சேர்த்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, போட்டுத் தருபவருக்கும் தெரியாது. மூடிய மூலத்தில் நிறுவனத்தின் பெயராவது பொறுப்புக்கு நிற்கும். இதில் யாரும் இல்லை. கருவாட்டு வியாபாரி ஒருவரின் ஐந்து ஆண்டுக் கொள்முதல் கணக்கு அப்படிப்பட்ட ஒரு கணினியில் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் அறிவிப்போடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு திரும்பக் கிடைக்கவே இல்லை. காசு கொடுத்து முறையாக விண்டோஸ் வாங்குங்கள், அல்லது லினக்ஸ் போடுங்கள். மூன்றாவது வழி வேண்டாம்.

படகின் இருப்பிடத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் மென்பொருள் திறந்திருந்தால் நாங்கள் எங்கே வலை போடுகிறோம் என்பது வெளியே தெரிந்துவிடாதா?

தெரியாது. நிரல் வேறு, தரவு வேறு. இந்தக் குழப்பம் படகுக்காரர்களிடம் மட்டுமல்ல, படித்தவர்களிடமும் இருக்கிறது. நிரல் என்பது கணக்கு எழுதும் முறை. தரவு என்பது உங்கள் வரவு செலவு. முறையை ஊருக்குச் சொல்லிவிட்டு நோட்டைப் பூட்டி வைக்கலாம். (மேலே சொன்ன சங்க நோட்டு பொதுச் சொத்து. உங்கள் வலைபாடு உங்களுடையது.)

இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கைபேசிக் கோபுரம் எட்டாத கடலில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை வரும், எல்லைக் கோட்டை நெருங்கினால் சொல்லும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது நம்மவர்களுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததில்லை. எனவே கருவியை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லை என்ற சொல்லுக்கே ஒரு வீட்டின் அடுப்பு அணையும் கரை இது. நம் படகின் இருப்பிடம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், நாளை வழக்கில் நமக்கு எதிராக வருமா, நமக்கு ஆதரவாக நாம் அதைக் கேட்டுப் பெற முடியுமா என்றெல்லாம் மீனவர் கேட்பது நியாயம். நிரல் திறந்திருந்தால் இந்தக் கேள்விகளில் பாதிக்கு அதிகாரியின் வாய்ச்சொல்லை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கருவி எதை அனுப்புகிறது என்பதைப் பொறியியல் கல்லூரி மாணவரே படித்துச் சொல்லிவிடுவார். மீதிப் பாதிக்குச் சட்டம் வேண்டும்.

2020இல் கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலி நினைவிருக்கலாம். ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. தனியுரிமை பற்றிய கேள்விகள் வலுத்தபின் மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு மூலநிரலை அரசே வெளியிட்டது. கேட்டால் திறப்பார்கள் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம்.

அரசிடம் நாங்கள் என்ன கேட்கலாம்?

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, அரசு மென்பொருள் வாங்கும்போது திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். அதைத் தவிர்த்தால் விற்பனையாளர் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ‘வணிக இரகசியம்’ என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். பெரும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் இருப்பதை மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்து ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. என் மையத்திலேயே விரல்ரேகைக் கருவி விண்டோஸில்தான் வேலை செய்கிறது. அதற்காக ஒரு கணினியில் இன்னும் விண்டோஸ் வைத்திருக்கிறேன்.

லினக்ஸில் தமிழ் உண்டா?

உண்டு. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. ஒரு சொல் பிடிக்கவில்லையா, நீங்களே திருத்தி அனுப்பலாம். தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

என்னிடம் பழைய விண்டோஸ் 10 கணினி இருக்கிறது. என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. தனியே பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நல்ல நிலையில் ஓடும் கணினியைத் தூக்கி எறிய வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள், லினக்ஸை ஏற்றித் தருகிறேன். வட்டில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, அச்சு எந்திரம் பேசுகிறதா, பிள்ளைகளின் பாடம் திறக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடித்திருந்தால், முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொண்டு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும்.